நோயாளியைக் காணாத பணி

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்ட பின்னர், உயிரியல் பிரிவில் பயின்ற பிள்ளைகள் உள்ள சில வீடுகளில் ஒருவகை மௌனம் குடிகொள்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். மருத்துவபீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் வீட்டில் வெடி கொளுத்துகிறார்கள். சந்தியில் படம் போட்டுப் பதாகை கட்டுகிறார்கள். சில தசமப் புள்ளிகளால் அந்த இடத்தைத் தவறவிட்டு, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்துக்கோ, உயிர்மருத்துவம் சார்ந்த வேறொரு பட்டப்படிப்புக்கோ தெரிவான பிள்ளையின் வீட்டிலோ, செத்த வீட்டுக்கு வந்தவர்களைப் போல உறவினர் வந்து ஆறுதல் சொல்லிப் போகிறார்கள். “டொக்டருக்குக் கிடைக்கல்லையா? இன்னொருக்கா எடுத்துப் பாரு புள்ள” என்கிறாள் மாமி. பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது.

இப்படிச் சொல்பவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆயினும் அந்தச் சொற்களுக்குள் ஒரு தீர்ப்பு மறைந்து கிடக்கிறது. நோயாளியைத் தொட்டுக் குணமாக்குகிறவரே மேலானவர். நோயாளியின் முகத்தைப் பாராமல் கண்ணாடிக் குழாய்களின் நடுவே அமர்ந்திருப்பவர் அவருக்கு அடுத்தபடியானவர் என்பதே அத்தீர்ப்பு. அது நீதியான தீர்ப்புத்தானா? ஒரு பணியின் பெறுமதியை அதற்கு நன்றி சொல்ல வருவோரின் தொகையைக் கொண்டு அளக்கலாமா? பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வேளையில் பெற்றோர் இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நல்லது.

படிப்பு யாது?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்பது மனித உடல் சுகமாயிருக்கும்போது எவ்வாறு இயங்குகிறது, நோயுற்றபோது அதில் எது பிழைத்துப் போகிறது என்பதை ஆராயும் படிப்பாகும். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனம், நுண்ணுயிரியல், பிறப்புரிமையியல், நிர்ப்பீடனவியல், நோயியல், மருந்தியல் என்பன அதன் கிளைகள். நம் நாட்டில் இதற்கு மிக அண்மையான அரச பட்டப்படிப்பு மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமாகும். யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் அது கற்பிக்கப்படுகிறது. உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்ற பெயரிலேயே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களைக் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் தனியார் நிறுவனங்கள் கொழும்பில் உள்ளன.

இப்படிப்பை முடித்தவர் மருத்துவர் அல்லர். நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அவருடைய இடம் ஆய்வுகூடம். இரத்தத்தைப் பரிசோதித்தல், கிருமியை இனங்காணுதல், மருந்தின் வலிமையை அளத்தல், நோயின் காரணத்தைத் தேடுதல் என்பன அவருடைய வேலைகள். அவர் கையில் கிடைப்பது ஒரு குழாய் இரத்தமும் அதன்மேல் ஒட்டிய ஓர் இலக்கமுமே. அந்த இலக்கத்துக்குரிய மனிதனை அவர் ஒருபோதும் காணாமலிருக்கலாம்.

ஒரு போத்தலின் வரலாறு

இனி, கொக்கட்டிச்சோலைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் புகழ்பெற்ற அவ்வூரைச் சுற்றிலும் வயல்வெளி பரந்து கிடக்கிறது. அப்பகுதி மக்களின் சோறு அந்த வயலிலிருந்து வருகிறது; அவர்களுடைய ஆபத்தும் அந்த வயலிலிருந்தே வருகிறது. கதிருக்குள் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வெட்டுக் காலத்தில் வரம்பில் வெறுங்காலுடன் நடக்கும் கமக்காரனுக்குப் புடையன் பாம்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்று, இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும், 400க்கு மேற்பட்டோர் அதனால் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. பாம்புக்கடி பெரும்பாலும் ஏழையின் நோய். உலக சுகாதார நிறுவனம் அதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017ஆம் ஆண்டில்தான்.

கடிபட்டவரை மகிழடித்தீவு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறார்கள்; அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப நேரலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அத்துறையில் ‘பாதை’ வரும் வரை காத்திருந்தே வாவியைக் கடக்க வேண்டும். கடிபட்டவனுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். இன்று பாலம் உண்டு. வைத்தியர் நஞ்செதிர் மருந்தை நாளத்தில் ஏற்றுகிறார். நோயாளி பிழைக்கிறார். குடும்பத்தார் வைத்தியரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிட வேண்டியதுதான், அந்த நன்றி அவருக்கு உரியது.

ஆனால் அந்த மருந்துப் போத்தல் எங்கிருந்து வந்தது? நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் நஞ்செதிர் மருந்து இந்தியாவில் தயாராவது. தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில், இருளர் என்னும் பழங்குடி மக்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை 1978 முதல் நடத்தி வருகின்றனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்திய நஞ்செதிர் மருந்து உற்பத்திக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே செல்கிறது. கண்ணாடி விரியனைத்தான் நாம் புடையன் என்கிறோம். அம்மக்களில் இருவரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எடுத்த நஞ்சைச் சிறு சிறு அளவாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தம் அந்நஞ்சை எதிர்க்கும் புரதங்களை உருவாக்குகிறது. அவ்விரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, எதிர்ப்புரதத்தை மட்டும் பிரித்து, உலர்த்திப் போத்தலில் அடைக்கிறார்கள். கொடிய நஞ்சையே நஞ்சுக்கு மருந்தாக்கும் இவ்வழியைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1890களில் கண்டறிந்தனர். போத்தலின் மேல் ஒட்டிய தாளில், ஒரு மில்லிலீற்றர் மருந்து புடையன் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. கடிபட்டவன் அதை வாசிப்பதில்லை. நெருக்கடி வேளையில் வைத்தியரும் அதை நின்று வாசிப்பதில்லை. ஆயினும் அந்த 0.6 என்ற எண் உண்மையாயிருப்பதிலேயே ஒரு மனித உயிர் தொங்குகிறது. அந்த எண்ணை அளந்து, சரிபார்த்து, கையொப்பமிட்டவர் யார்? கொக்கட்டிச்சோலையின் பெயரையே கேட்டறியாத ஓர் ஆய்வுகூடப் பட்டதாரி. கமக்காரனின் உயிரைக் காத்த கைகளுள் அதுவும் ஒன்றன்றோ?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன

நம் கருத்துக்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையோடு எடுத்து நோக்குவோம்.

முதலாவது மறுப்பு: அன்பு என்பது ஆளுக்கு ஆள் செய்வது. காணாத மனிதனை எப்படி நேசிப்பது? ஆய்வுகூடத்தில் இருப்பவர் தம் தொழிலைச் செய்கிறார்; அதனை அன்புப்பணி என்பது மிகை.

இதில் ஓரளவு உண்மை உண்டு. துன்புறுவோர் முகத்தைக் காணும்போது நம் நெஞ்சில் எழும் இரக்கம் ஒரு குழாய் இரத்தத்தைக் காணும்போது எழுவதில்லை. எனினும் அன்பின் உணர்ச்சி வேறு, அன்பின் செயல் வேறு என்று பாகுபடுத்தி நோக்க வேண்டும். நம் மாவட்டத்தில் எத்தனை தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று, அந்நிய வீட்டில் சட்டி பானை கழுவி, இங்கே பிள்ளையைப் படிப்பிக்கிறார்கள்! ஆண்டுக்கணக்காய் அப்பிள்ளையின் முகத்தை அவர்கள் நேரில் கண்டதில்லை. அதனால் அவர்களுடைய அன்பு குறைந்துவிட்டதா? காணாத இடத்திலிருந்து, களைப்போடு, ஒருநாளும் தவறாமல் செய்யும் கடமையிலே அன்பு தன் உறுதியைக் காட்டுகிறது. நல்ல சமாரியன் உவமையை நாம் எல்லோரும் அறிவோம். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் அவன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான். அந்த எண்ணெயை ஆட்டிப் பிழிந்தவன் எவன் என்று உவமை சொல்லவில்லை. ஆனால் அவன் நல்ல எண்ணெயைக் கலப்படமின்றிப் பிழிந்திராவிட்டால் சமாரியனின் இரக்கம் வெறுங்கையாய் நின்றிருக்கும்.

இரண்டாவது மறுப்பு: பொறுப்பு வைத்தியருடையது. முடிவெடுப்பவர் அவர். ஆய்வுகூடத்தவர் ஓர் எண்ணைக் கொடுக்கிறார், அவ்வளவே. ஆகவே அறநெறிச் சுமையும் அவருக்குக் குறைவு.

இதற்கு விடையாக, பாம்புக்கடிக்குச் செய்யும் மிக எளிய ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உறைந்தால் இரத்தம் இயல்பாக உள்ளது. உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தின் உறையும் ஆற்றலைக் கெடுத்துவிட்டது என்று பொருள். பெருஞ்செலவில்லாத பரிசோதனை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குழாய் கண்ணாடியாய் இருக்க வேண்டும், சுத்தமாய் உலர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும், சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தங்கூட உறையாமல் நின்று நம்மை ஏமாற்றிவிடும். அவ்வாறு ஏமாந்தால் தேவையற்றவருக்கு மருந்து ஏறும். அம்மருந்தே சிலருக்கு ஆபத்தாய் முடியும். இருபது நிமிடத்தைப் பதினைந்தில் முடித்துக்கொண்டாலும், கழுவிய குழாயைப் புதியதென்று எடுத்தாலும், யாருக்கும் தெரியப் போவதில்லை. வைத்தியருக்குத் தெரியாது, நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவரே, அவருடைய மனச்சாட்சியே. சாட்சியில்லாத இடத்தில் சுமக்கும் பொறுப்பு இலேசான பொறுப்பன்று. பலர் முன்னிலையில் நேர்மையாய் இருப்பதைவிட, பூட்டிய அறைக்குள் நேர்மையாய் இருப்பது கடினம்.

மூன்றாவது மறுப்பு: “சாமி, இவையெல்லாம் சரி. பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? மதிப்புக் கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்கலாம்.

இது இழிவான கேள்வியன்று. வயலை ஈடு வைத்துப் படிப்பித்த தகப்பனுக்கு இப்படிக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே ஒளிவுமறைவின்றிச் சொல்வோம். இப்படிப்பை முடித்த எல்லோருக்கும் அரச வேலை காத்திருப்பதில்லை. மருத்துவருக்கு உள்ள ஊதியமும் ஊரார் மதிப்பும் இதில் இல்லை. மேற்படிப்பு இன்றி ஆராய்ச்சித் துறையில் நிலைகொள்வதும் கடினம். வெளிநாட்டுப் பட்டத்துக்காகப் பணம் கட்ட நினைப்போர், விளம்பரத் தாளை நம்பிக் காணியை விற்கக் கூடாது. அப்பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா, அப்பட்டத்தைக் கொண்டு ஆய்வுகூடத் தொழிலுக்காக இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற முடியுமா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டறிய வேண்டும். முன்மதியும் ஒரு நற்பண்பே.

மருத்துவத்தின்மேல் உண்மையான நாட்டமுள்ள பிள்ளை மீண்டும் பரீட்சை எழுதுவதில் தவறில்லை. சட்டம் அதற்கு மூன்று வாய்ப்புகளைத் தருகிறது. தவறு எங்கே வருகிறதென்றால், பிள்ளைக்கு ஆய்வுகூடத்தில் நாட்டமிருந்தும், அயலவர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, அதன் இளமையில் இரண்டு ஆண்டுகளை ரியூசன் கொட்டிலில் கரைக்கச் சொல்லும்போதுதான். அங்கே பெற்றோர் பிள்ளையின் நலனைத் தேடவில்லை; தங்கள் பெயரைத் தேடுகிறார்கள்.

நம் மண் தரும் சான்று

காணாத மனிதருக்காக உழைப்பது வீணாகாது என்பதற்கு நம் இனத்தின் வரலாற்றிலேயே பெருஞ்சான்று உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தார். இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். 1860களில் அவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல்கள் இல்லை, சொற்களும் இல்லை. ஆகவே அவரும் மாணவர்களும் சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார்கள், சொற்களை ஆக்கினார்கள். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூலும், 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூலும் வெளிவந்தன.

வாசலில் நோயாளிகள் வரிசையாய் நிற்க, ஒரு வைத்தியர் சொல்லுக்குச் சொல் தேடி எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அந்நேரத்தில் இன்னும் நாலு பேருக்கு மருந்து கட்டியிருக்கலாமே என்று நினைத்திருக்கவும் கூடும். ஆனால் கிறீன் மருந்து கட்டியவர்கள் எல்லோரும் காலத்தில் மறைந்து போனார்கள். அவரும் 1884இல் மறைந்தார். அவருடைய நூல்களில் படித்து வைத்தியரானோர், அவர் கண்ணால் கண்டிராத ஊர்களில், அவர் கண்டிராத நோயாளிகளைக் குணமாக்கினார்கள். உடலை அறியும் அறிவைத் தமிழில் வைத்துவிட்டுப் போனதே அவர் செய்த மிகப் பெரிய வைத்தியம் எனலாம்.

நம் கீழ்க்கரையிலும் இதற்குத் துணைச்சான்று உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற சுவாமி விபுலாநந்தரை முத்தமிழ் அறிஞராகவே பலர் அறிவர். துறவு பூணுவதற்கு முன்னர் அவர் விஞ்ஞானம் கற்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் இருந்தவர். பின்னாளில் தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் முயற்சியில் முன்னின்று உழைத்தவர். அச்சொற்களைப் பயன்படுத்தப் போகும் பிள்ளைகளின் முகத்தை அவரும் கண்டதில்லை.

காணாமையின் ஆபத்து

இதுவரை, நோயாளியைக் காணாத பணியும் பணியே என்று பெற்றோருக்குச் சொன்னோம். இனி, அப்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காணாமையில் ஓர் ஆபத்து உண்டு. முகத்தைப் பாராதவர், அக்குழாய்க்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதையே மறந்துவிடக் கூடும். அப்படி மறந்தவர்கள் செய்த கேடுகள் வரலாற்றில் பதிந்துள்ளன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற இடத்தில், 1932ஆம் ஆண்டு அரசாங்கச் சுகாதாரத்துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேருக்கு மேகப்புண் என்னும் சிபிலிஸ் நோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். சிகிச்சையின்றி விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். 1940களில் பெனிசிலின் அந்நோய்க்கு நல்ல மருந்தென்று நிலைநாட்டப்பட்ட பின்னரும் அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகைகள் வெளிப்படுத்தும் வரை, 40 ஆண்டுகள் அது நடந்தது. செய்தவர்கள் கொடியவர்களாகத் தங்களை எண்ணவில்லை; அறிவை வளர்ப்பவர்களாகவே எண்ணினார்கள். அறிவு நல்ல இலக்கு. ஆனால் நல்ல இலக்குக்காக ஒரு மனிதனை வெறுங்கருவியாக்குதல் எக்காலத்திலும் நியாயமாகாது.

இன்னொன்று, உயிர்மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சந்திக்கும் ஒரு பெயரைப் பற்றியது. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் ‘ஹீலா’ என்ற உயிரணுக்கள், ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினத் தாயின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. 1951இல், 31 வயதில், ஐந்து பிள்ளைகளை விட்டு அவர் இறந்தார். அவருடைய அனுமதியைக் கேட்காமலே உயிரணுக்களை எடுத்தார்கள். போலியோத் தடுப்பு மருந்துச் சோதனை முதல் எத்தனையோ நன்மைகள் அவற்றால் விளைந்தன. வணிகர்கள் பெரும்பொருளும் ஈட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய குடும்பத்துக்கு அது தெரியவே தெரியாது. அவ்வுயிரணுக்களை விற்று ஆதாயம் பெற்ற ஒரு நிறுவனத்தோடு அக்குடும்பம் உடன்பாட்டுக்கு வந்தது 2023ஆம் ஆண்டில்தான். நன்மை விளைந்தது உண்மை. கேளாமல் எடுத்ததும் உண்மை. முதலாவது உண்மை இரண்டாவதை அழித்துவிடுவதில்லை.

ஆகவே, ஆய்வுகூடத்துக்குள் நுழையும் பிள்ளையே, குழாயில் ஒட்டியிருப்பது இலக்கமேயானாலும், அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு வீடு உண்டு, வாசலில் காத்திருக்கும் ஒரு தாய் உண்டு என்பதை மறவாதே. காணாத முகத்தை மனத்தால் கண்டுகொள்ளும் பழக்கமே உன் தொழிலின் முதற் பாடம்.

நம் ஊர்ப் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?

இவ்வறிவை வெளிநாட்டார் தேடித் தரட்டும், நமக்கேன் என்று கேட்பாருண்டு. பாம்பின் கதையிலேயே அதற்கும் விடை இருக்கிறது. இந்திய மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு செய்யப்படுவது. ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சு எல்லா நாட்டிலும் ஒரே வகையாய் இருப்பதில்லை. இலங்கைப் புடையனின் கடி இரத்தத்தைக் கெடுப்பதோடு, கண்ணிமைகளைத் தொங்கச் செய்து, நரம்புத் தொழிற்பாட்டையும் தளர்த்துகிறது. இந்தியப் பெருநிலத்தின் பல பகுதிகளில் அது அவ்வாறு காணப்படுவதில்லை. நம் நாட்டின் ஈரவலயத்தில் பலரைக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கிய சிறு விரியனுக்கு அந்த இந்திய மருந்து பயன்படுவதுமில்லை. இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே ஒரு மருந்து செய்ய, கோஸ்டாரிக்கா நாட்டு ஆய்வாளர்களோடு நம் நாட்டவரும் சேர்ந்து உழைத்து, அதன் ஆய்வுகூட முடிவுகளை 2016இல் வெளியிட்டனர். நஞ்செதிர் மருந்து ஏற்றும்போது ஏற்படும் கடும் ஒவ்வாமையை, முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்துக் குறைக்கலாம் என்பதும் இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவே. நம் வயலின் கேள்வியை நம் நாட்டவரே கேட்டதனால் அந்த விடைகள் கிடைத்தன. வரம்பில் நடந்து வளர்ந்த பிள்ளைக்கு, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நீதியின் பக்கமாகவும் ஒன்று சிந்திக்கத் தக்கது. நம் நாட்டில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகிறது. மட்டக்களப்பும் அவ்வாறு வசதி குறைந்ததாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுள் ஒன்று. அப்படிப் பெற்ற இடம் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. கொக்கட்டிச்சோலையில் வெட்டுக்குப் போகும் கூலிப்பெண் கடையில் வாங்கும் சீனியிலும் மாவிலும் செலுத்தும் வரியும் அந்த இடத்தைத் தாங்கி நிற்கிறது. அவளுக்கு அப்பிள்ளை கடன்பட்டிருக்கிறது. அக்கடனை ஸ்டெதஸ்கோப் மாட்டியும் தீர்க்கலாம். சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தும் தீர்க்கலாம்.

பெற்றோரே, உங்கள் மகளுக்கு ஆய்வுகூடப் படிப்புக் கிடைத்திருந்தால், “டொக்டருக்குக் கிடைக்கல்லையா?” என்று கேட்டு வரும் உறவினருக்குத் தலை குனிந்து பதில் சொல்லாதீர்கள். அவள் என்ன படிக்கப் போகிறாள் என்பதை நீங்களே முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பின்னர் அதனை அவர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். வயலில் பாம்பு கடித்தவனின் கட்டிலருகே அவள் நிற்கமாட்டாள். அவனைக் கும்பிட வைத்த மருந்தும் பரிசோதனையும் பிழையில்லாமல் இருக்க வேண்டுமானால், அவளைப் போன்ற ஒருத்தி எங்கோ ஓர் அறையில், யாரும் பார்க்காதபோதும், இருபது நிமிடத்தை இருபது நிமிடமாகவே காத்திருக்க வேண்டும்.